கோப்பையில் ஒன்று பெரிது

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள்.
துரின் நகரத்து ட்ராம்கள் எல்லாம்
பணிமனைக்குள் ஈரமாய் நிற்கின்றன.
தண்டவாளத்தில் மழை மட்டும் ஓடுகிறது.

கேண்டீனில் நான், செலிண்டா,
பதினாறு வருட ஓட்டுநர்,
பழைய பொருள் சந்தையில்
நாலு யூரோவுக்கு வாங்கிய
டாரட் கட்டைப் பிரிக்கிறேன்.
கூடவே ஒரு கையேடு, புதிதாய்ப் பழகுவோருக்கு.
முன்பு வைத்திருந்தவர் யாரோ
அதன்மேல் காபி டம்ளரை வைத்திருக்கிறார்.

நான்கு குலம் என்கிறது கையேடு.
எங்கள் சங்கங்களும் நான்கு.
அவையும் ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதில்லை.

கோல் என்றால் நெருப்பாம்,
தொடங்குகிற வெறி, செய்கிற கை.
சீட்டில் பச்சையாய் ஒரு தடி,
வெட்டிய இடத்திலும் துளிர் விட்டிருக்கிறது.
கோல் பலவிதம்:
ஊன்றுகிற கோல், அளக்கிற கோல்,
பூட்டைத் திறக்கிற கோல்,
ஆள்பவன் கைக்குப் போனதும்
கோணிக்கொள்கிற கோல்.
திங்கட்கிழமை விடிவதற்குள்
வாயிற்கதவின் குறுக்கே நாங்கள் செருகியது
கொடிக்கம்பு.
அதுவும் இந்தக் குலம்தான் என்று
பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

வாள்: அறிவு, சொல், காயம்.
இதற்குக் கையேடு வேண்டாம்.
நேற்றைய கூட்டத்தில் ஒர்சோலா
"பயந்தவர்கள் எழுந்து போகலாம்" என்றாள்.
ஏழு நாற்காலிகள் பின்னால் நகர்ந்த சத்தம்
இன்னும் தரையில் கிடக்கிறது.
வாய் உருவிய வாளுக்கு உறை கிடையாது.

காசு: உடல், வீடு, வயிற்றுப்பாடு.
வட்டத்துக்குள் பூ வரைந்திருக்கிறார்கள்.
என் சம்பளச் சீட்டில் பூ இல்லை,
மூன்று நாள் பிடித்தம் வரப்போகிறது.
வாடகைக்குப் போதும்.
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டப் போதாது.
அவள் வாயை மூடிச் சிரிக்கப் பழகிவிட்டாள்.

அப்புறம் கோப்பை.
அந்தப் பக்கத்தில்தான் கறை.
"கோப்பை என்பது" வரை படிக்கலாம்.
அதற்குமேல் ஒரு பழுப்பு ஏரி,
கரையில் "நிரம்பு" என்று
ஒரு அரைச்சொல் ஒதுங்கியிருக்கிறது.

எதிரில் எர்மேத்தே, பிரேக் பிரிவு,
ரொட்டியைப் பிய்த்தபடி சிரிக்கிறான்.
அவன் ஊர் மலைப்பக்கம்.
அங்கே இந்தச் சீட்டில் யாரும் குறி பார்ப்பதில்லை.
ஆடுகிறார்கள்,
மேசையைக் குத்தி, ஒருவரையொருவர் வைது.

"அர்த்தம் தெரியாது, விதி தெரியும்.
வாளிலும் கோலிலும் பத்து ஒன்பதை அடிக்கும்.
கோப்பையிலும் காசிலும் தலைகீழ்.
அங்கே ஒன்று பத்தை அடிக்கும்."

ஏன்?

"கேட்டவன் எவனும் ஆடி ஜெயித்ததில்லை."

ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு.
அதுவரை ஆடினோம்.
என் கையில் பத்துக் கோப்பை வந்தது,
விளிம்பு தட்டும் பத்துக் கோப்பை,
கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி.
இரண்டு முறை பந்தியில் உட்கார்ந்தவள் நான்.
இரண்டு முறையும் நிறையத்தான் ஊற்றினார்கள்.
வெற்றி என்று சீட்டை வீசினேன்.
எர்மேத்தே மெல்ல
ஒற்றைக் கோப்பையை அதன்மேல் வைத்தான்.

பிறகு தெர்மோஸைத் திறந்தான்.
மூடி ஒன்றுதான் இருந்தது.
அவன் பாதி, நான் பாதி.
ஒர்சோலா வந்தாள், கண் சிவந்து.
மிச்சத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.
"மன்னிப்பு கேட்க வரவில்லை," என்றாள்.
குடித்தாள்.

பதினோரு ஓட்டில் தோற்றோம்.
கொடிக்கம்பை உருவி யாரோ
துடைப்பங்களோடு சாய்த்து வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்து
கறையின்மேல் எழுதினேன்: பத்து தோற்கும்.
மை ஊறிப் பரவியது,
மகள் எட்டிப் பார்த்து
இது என்ன மீனா என்றாள்.

நாளை நாலரைக்கு
முதல் வண்டி என்னுடையது.